தேவதானம் வரை போன பட்டாளம்

என் கூடப்பிறந்த சிக்கந்தர் அண்ணனுக்கு,

நாற்பதாம் நாள் பாத்திஹாவும் ஓதி முடித்தாயிற்று. மதினி இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறாள், கொஞ்சம் பேசுகிறாள். வாசலில் பைக் சத்தம் கேட்டால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுக் கதவையே பார்க்கிறாள். பொறவு எதைப் பேசிக்கொண்டிருந்தோம் என்று என்னிடமே கேட்கிறாள்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து மில் வரைக்கும் உனக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். எல்லாவற்றிலும் 'தொழிற்சங்கத் தலைவர் பட்டாளம் சிக்கந்தர்'. முதலாளிகளை எதிர்த்து நின்றதால் வந்த பெயர் என்று மில்லில் வேலை பார்க்கும் இளசுகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஊர் வைத்த கேலிப்பெயர் என்று தெரிந்தவர்கள் இப்போது எத்தனை பேர் மிச்சம் இருக்கிறோம்?

வங்காளத்தில் பாகிஸ்தானோடு சண்டை நடந்த வருடம் உனக்குப் பதினைந்து வயது. அத்தா வேலை பார்த்த தறிக்கூடத்தில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி ஓடியது. அந்த மாதம் தறிகளுக்கு ஓய்வே இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ கேட்டாய்.

"இம்புட்டுத் துணியும் எங்கத்தா போகுது?"

"சண்டையில அடிபட்டவுகளுக்குத்தான். வேற எங்க?"

"அம்புட்டுப் பேருக்கா அடிபடுது?"

அத்தா கை கழுவ எழுந்துவிட்டார். மறுநாள் நீ பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. பட்டாளத்தில் சேரப் போகிறேன் என்று சொல்லி மதுரை பஸ் ஏறிவிட்டாய் என்று உன் கூட்டாளி ஒருவன் அழுதுகொண்டே வந்து சொன்னான்.

அம்மா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அத்தா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். மதுரையிலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸிலும் படிக்கட்டில் ஏறி உள்ளே எட்டிப் பார்ப்பார். நான் கீழே நின்று ஜன்னல்களைப் பார்ப்பேன். சாயங்காலம்தான் வீடு திரும்புவோம்.

சில நாள் கழித்து நீயாகவே வந்து நின்றாய். காலெல்லாம் வயல் சேறு. அத்தா ஓங்கிய கையை இறக்கி, உன்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "எங்கலே போன?" என்று கேட்டதற்கு, "சேத்துக்கிடல" என்று மட்டும் சொன்னாய். அவ்வளவுதான். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள், "ஏலே பட்டாளம், எத்தனை பேரைச் சுட்ட?" என்று கேட்பார்கள். நீ சிரித்துக்கொண்டே கடந்து போவாய். உன் கல்யாணத்திலும் கேட்டார்கள், அப்போதும் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை அண்ணே. கேட்டிருந்தாலும் நீ சொல்லியிருக்கமாட்டாய் என்று இப்போது தெரிகிறது.

உன்னை அடக்கம் செய்த அன்று மத்தியானம், வாசல் பந்தலில் வயதான ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஊன்றுகோல், ஒரு பக்கம் செயற்கைக் கால். தேவதானத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்ததாகச் சொன்னார்கள். நான் டீ கொண்டு கொடுத்தேன். என் முகத்தைச் செத்த நேரம் உற்றுப் பார்த்தார்.

"நீங்கதான் தங்கச்சியா? பஸ் ஸ்டாண்டுல பச்சைப் பாவாடை கட்டிக்கிட்டு நின்ன பிள்ளை?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அந்த பஸ்ஸுக்குள்ள இருந்தேம்மா. உங்க அண்ணன் என் சீட்டுக்கு அடியில இருந்தான்."

அவர் பெயர் மாடசாமி. நீ தேடிப்போன அதே பட்டாளத்தில் இருந்தவர். போர் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, எல்லைப்பக்கம் லாரி கவிழ்ந்து கால் போய்விட்டதாம். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மதுரை வரைக்கும் வந்தவருக்கு அதற்கு மேல் வர மனம் வரவில்லை. அவருடைய அம்மாவுக்கு விஷயமே தெரியாது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தே கிடந்திருக்கிறார். அப்போதுதான் நீ அவர் முன்னால் போய் நின்று, சண்டைக்குப் போக எந்த ரயிலில் ஏற வேண்டும் என்று கேட்டாயாம்.

"எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. 'மொதல்ல என்னைய வீட்டுல கொண்டு விடு தம்பி, பொறவு வழி சொல்லுதேன்'னேன். சரின்னு என் டிரங்குப் பெட்டியைத் தலையில தூக்கிக்கிட்டான்."

ராஜபாளையத்தில் பஸ் நின்றபோது நீ சீட்டுக்கு அடியில் சுருண்டுகொண்டாய். அத்தா படிக்கட்டில் ஏறி எட்டிப் பார்த்ததை மாடசாமி அண்ணன் பார்த்திருக்கிறார். "பெத்தவன் முகம்னு பாத்ததுமே தெரிஞ்சுச்சு. சொல்லிருவமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கீழே இருந்து இவன் என் காலைப் பிடிச்சுக்கிட்டான். இருந்த ஒத்தைக் காலை."

தேவதானத்தில் தெருமுனைக்குப் போனதும் அவருக்கு நடை ஓடவில்லை. "நீ போய் எங்க அம்மாகிட்டச் சொல்லு" என்று உன்னை அனுப்பிவிட்டார். முன்பின் தெரியாத வீடு. பதினைந்து வயதுப் பையன். நீ அந்த வாசலில் எப்படிப் போய் நின்றாய்?

'உங்க மகன் பட்டாளத்துல' என்று நீ ஆரம்பித்ததுமே அந்த அம்மா மாரில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்துவிட்டாளாம். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உசுரோட இருக்காக அம்மா, உசுரோட இருக்காக!" என்று கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டதாம். "கால் போனதை அதுக்குப் பொறவுதான் சொன்னான். எங்க அம்மா ஓடியாந்து என்னைய அள்ளிக்கிட்டா. என் காலை அவ பாக்கவே இல்லம்மா, மூஞ்சியத்தான் பாத்தா."

அந்த நாட்களில் அவரைக் குளிக்கவைத்தது நீ. வயலுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனது நீ. அவர் அழும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நீ. ஆம்பிளை இப்படி அழுகிறானே என்று ஊர் பேசும் என்று பயந்து, யாரிடமும் சொல்லாதே என்று அவர் உன்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். "நான் கேட்டது அந்த ஒரு வருசத்துக்குத்தான். அவன் சாகுற வரைக்கும் காப்பாத்தியிருக்கான்" என்று சொல்லிவிட்டு, பந்தலில் அத்தனை பேர் பார்க்க அவர் தேம்பி அழுதார்.

உன்னை யாரும் சேர்த்துக்கொள்ள மறுக்கவில்லை. நீ எங்கும் போய் வரிசையில் நிற்கவே இல்லை. அப்படியிருந்தும் அத்தனை வருடக் கேலியையும் வாங்கிக்கொண்டாயே அண்ணே.

எனக்கு இன்னொன்றும் அன்றைக்குத்தான் விளங்கியது. மில்லில் யாருக்கு அடிபட்டாலும் வீட்டுக்கு நீதான் போவாய். மேஸ்திரியை அனுப்பவிடமாட்டாய், போனில் சொல்லவிடமாட்டாய். சங்கத் தலைவரான பிறகும் அதை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு வாசலிலும் ஒரு நாள் வந்து நின்றாய். சட்டையெல்லாம் ரத்தம். நான் வாயைத் திறப்பதற்குள், "ஜைனம்பு, மச்சான் உசுரோட இருக்காரு" என்றாய். மிஷினில் வலது கை போனதைப் பிறகுதான் சொன்னாய், என் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக. அவர் இன்றும் இடது கையால்தான் டீ குடிக்கிறார். அந்த முதல் வார்த்தை மட்டும் முன்பின்னாக வந்திருந்தால் நான் அந்த வாசலிலேயே போயிருப்பேன்.

உன் செய்தி எனக்கு எப்படி வந்தது தெரியுமா? போனில். ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ ஒரு பெண் உன் பெயரைச் சொல்லி, பாடியை எப்போது எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டாள். மச்சானும் வீட்டில் இல்லை, பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சமையல்கட்டிலேயே நின்றேன்.

போன வாரம் கவிதா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என்னைத் தேடி வந்திருந்தாள். நீ வழக்கு நடத்திக்கொண்டிருந்தாயே, பஞ்சாலையில் விரல்களை இழந்த பிள்ளை. துப்பட்டாவுக்குள் கையை மறைத்துக்கொண்டே பேசினாள். மில்காரர்கள் ஆள்மேல் ஆள் அனுப்பி, வழக்கை வாபஸ் வாங்கச் சொல்கிறார்களாம்.

"அண்ணாச்சி இருந்தா கூட வருவாக. கோர்ட்டுல அவிய பக்கத்துல நின்னாதான் எனக்குப் பேச்சே வரும். இனிமே நான் போகலை பெரியம்மா. பயமா இருக்கு."

எனக்கும் பயம்தான். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் நான் அந்தக் கோர்ட்டு வாசலை மிதித்ததில்லை. சட்டம் எனக்கு என்ன தெரியும்? வக்கீல் பேசுவது பாதி புரியாது. ஆனாலும் அவளிடம், "வாய்தா அன்னைக்குக் காலையில இங்க வந்துரு. ரெண்டு பேரும் சேர்ந்து போவோம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, சொல்லிவிட்டேன் என்று.

தீர்ப்பு எப்படி வரும் என்று என்னால் சொல்ல முடியாது அண்ணே. ஆனால் அவள் பெயரைக் கூப்பிடும்போது பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும். வழக்கு முடிகிற வரைக்கும், எத்தனை வாய்தா ஆனாலும் நிற்கும். இது உன்மேல் சத்தியம்.

உன் தங்கச்சி,
ஜைனம்பு
ஸ்ரீவில்லிபுத்தூர்