மேல்வரிசைக் கோரைப்பல்

என்மேல் அத்தனை பிரியம் வைத்திருந்த, என்னால் இன்னும் மன்னிக்க முடியாத அப்பாவுக்கு,

அந்தக் கோரைப்பல்லை எடுத்துவிட்டார்கள். இடது பக்கம், மேல்வரிசை. நீ எடுக்க விடாத பல்.

நினைவிருக்கிறதா? கல்லூரியில் கபடி ஆடி அது விரிசல் விட்டபோது, வில்லியனூரில் பல் டாக்டரின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கரும்பு வெட்டைப் பாதியில் விட்டுவிட்டு நம் ஊர் உறுவையாற்றிலிருந்து சைக்கிளில் வந்தாய். அத்தனை பேர் முன்னால் என் கையைப் பிடித்து இழுத்தாய். "மேல் பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்புடா. புடுங்கினா கண்ணு பூடும். எங்கண்ணனுக்கு இன்னா ஆச்சின்னு தெரியாதா?"

பெரியப்பாவுக்குப் பல்லெடுத்த வருஷமே பார்வை மங்கியது உண்மைதான். அவருக்குச் சர்க்கரை முற்றியிருந்ததை மட்டும் நம் வீட்டில் யாரும் பேசவில்லை.

கிராம்பைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கொஞ்ச நாளில் வலி நின்றது. "பாத்தியா, தானா சரியாச்சி" என்று ஊரெல்லாம் சொன்னாய்.

உன் பல்லுக்கும் அதே வைத்தியம்தானே? வலி மரக்கட்டும் என்று கன்னத்தில் புகையிலையை அடக்கினாய். வலி போனது, புகையிலை போகவில்லை. பிறகு அங்கே ஒரு புண் வந்தது. மாதக்கணக்கில் ஆறாத புண்ணை, "கன்னத்தக் கடிச்சிக்கினேன்" என்றாய். கடைசியில் கஞ்சித் தண்ணீருக்குக்கூட உன் வாய் திறக்கவில்லை. நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன். முகத்து நரம்புகளைப் பலகையில் வரைந்து பெயர் எழுதுகிறவன். உன்னிடம் மட்டும் ஏன் ஒரு நாளும் பேசி ஜெயிக்க முடியவில்லை?

இப்போது செய்திக்கு வருகிறேன். போன மாதம் ஒரு காலையில் எழுந்தால் இடக்கண் திறக்கவில்லை. மூக்கோரத்திலிருந்து கண்ணடி வரை வீக்கம். அந்த நிமிஷம் எனக்கு நான் நடத்தும் பாடம் ஞாபகம் வரவில்லை. உன் குரல்தான் கேட்டது.

சித்தப்பா வந்து குனிந்து பார்த்தார். "புடுங்காமயே கண்ணு மூடிக்கிச்சி. புடுங்கினா இன்னாவறது? வுடுடா."

உன் மருமகள் அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "எம் மாமனாரு ஒரு பல்லயும் புடுங்கல. கண்ணு நல்லாத்தான் இருந்துச்சி. ஆளு எங்க, சின்ன மாமா?"

சித்தப்பா செருப்பைத் தேடினார்.

இப்போதைய பல் டாக்டர் சின்னப் பெண். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். "அன்னிக்கு வலி நின்னப்போ பல்லு சரியாகல சார், உள்ள நரம்பு செத்துப்போச்சு. பல்ல எடுத்தா கண்ணு போகாது. எடுக்காம விட்டா இந்தச் சீழ் கண்ணுப் பக்கம் ஏறும். அதுக்குத்தான் பயப்படணும்."

சீழை வடித்து, மாத்திரை கொடுத்து, வீக்கம் அடங்கியதும் வரச் சொன்னார். அடங்கியது. வலியும் போனது. "வலிதான் இல்லியே, இப்ப இன்னாத்துக்கு?" என்று யாரோ சொன்னார்கள். சொன்னது நான்தான் அப்பா, அப்படியே உன் குரலில். இத்தனை படித்தும் நீ அடைத்துவைத்த இடத்திலேயே நிற்கிறேனே என்று உன்மேல் வந்த ஆத்திரத்தில்தான் பைக்கை எடுத்தேன்.

மரப்பு ஊசி போட்ட பிறகும், நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டேன்: "கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதில்ல டாக்டர்?"

பல் எடுத்த புண் ஆறிவிட்டது. ஆனாலும் காலையில் எழுந்ததும் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு உன் படத்தைப் பார்க்கிறேன். படத்துக்குப் போட்ட மாலையின் ஒவ்வொரு பூவும் தெளிவாகத் தெரிகிறது. மறுநாளும் பொத்திப் பார்க்கிறேன். இதிலிருந்து எனக்கு எப்போது விடுதலை?

உன் பேத்திக்கு மேல் பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி. இப்போதே அடைத்துவிட்டால் பல் தப்பிக்குமாம். சனிக்கிழமை அழைத்துப்போகிறேன். அவள் அந்த நாற்காலியில் உட்காரும்போது, நரம்பு என்றோ கண் என்றோ ஒரு சொல் என் வாயிலிருந்து வராது. இரவு படுக்கும் முன் அவளோடு நின்று நானும் பல் துலக்குவேன். இரண்டு வாரமாக ஆறாத புண்ணை, பல் கடித்தது என்று சொல்லி மறைக்க இந்த வீட்டில் இனி யாரையும் விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இந்த வரியை வலக்கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன். கோணவில்லை, அப்பா.

கோரைப்பல் இல்லாத உன் மூத்த மகன்