திரைக்குப் பின்னால் மூன்றாவது செல்லோ

மார்ச் 4

தம்பிக்கு,

சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். சௌக்கியமாகத்தான் இருப்பாய். போனில் கூப்பிட்டால் வளவளவென்று பேசி மழுப்பிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். உன் கைப்பட பதில் வேண்டும்.

அறுபது வயதானால் அவரவர் நாற்காலிக்கு அவரவரே போட்டி போட வேண்டும், ஊரில் யார் வேண்டுமானாலும் எதிர்த்து வாசிக்கலாம். அப்பாவும் அவருடைய மில் நண்பர்களும் ஷிப்ட் முடிந்த கையோடு கூடி இந்தச் சிம்பொனிக் குழுவை ஆரம்பித்தபோது போட்ட விதி. அதைக் குறை சொல்லவில்லை. வாசிப்பவர் தெரியாதபடி கட்டிய திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மார்க் போட்ட மூன்று பேரில் டிரம்பெட் வாசிக்கிற நீயும் ஒருவன், அதுதான் உறுத்துகிறது. என் செல்லோ நாற்காலி என் மாணவி வாலுவுக்குப் போய்விட்டது. இனி புதன்கிழமைகளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளிகளுக்கு வாசிக்கவும் எனக்கு இடமில்லை. அன்று நீ என் முகத்தைப் பார்க்காமல் பின்வாசல் வழியாக நழுவினாய். ஏன்?

"அக்காவுக்கு வயசாயிடுச்சு, கை முன்ன மாதிரி ஓடல" என்று உன் மனைவியிடம் சொன்னாயாமே. என் காதுக்கும் வரும்.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லா இருக்கு உன் நியாயம்! வெள்ளம் வந்தபோது பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ஜனங்களுக்காக ஈர உடையோடு வாசித்தோமே, ஒரு குழந்தை உன் காலடியிலேயே தூங்கிப்போனதே. அந்த உன்னை நானா வெளியே தள்ளுவேன்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாசிப்பது யாரென்று தெரியக் கூடாது என்று செருப்புச் சத்தம்கூடக் கேட்காதபடி கம்பளம் விரித்திருந்தார்கள். ஆனாலும் நீ செல்லோவின் தந்தியில் வில்லை வைக்கும் முன் சர்ரென்று ஒரு மூச்சு இழுப்பாயே, அது கேட்டது. இரண்டாவதாக வாசித்த உனக்கு முழு மார்க் போட்டேன். விதியை மீறினேன், உனக்காக. மற்ற இருவரும் குறைத்திருப்பார்கள். யார் எத்தனையாவதாக வாசித்தார்கள் என்பதைச் செயலாளர் எங்களுக்குச் சொல்லவே மாட்டார், பெயரை மட்டும்தான் அறிவித்தார். செய்த வேலைக்கு உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது, நழுவிவிட்டேன். யாரிடமும் சொல்லிவிடாதே.

உன் தம்பி

மார்ச் 13

தம்பி,

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நான் வாசித்தது மூன்றாவதாக. இரண்டாவது வாலு. இத்தனை வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவள், நான் மூச்சு இழுக்கிற பழக்கத்தையும் பிடித்துக்கொண்டாள். "என்னடி, சளியா?" என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். நானோ உனக்கு என்னை அடையாளம் தெரிந்துவிடக் கூடாதே என்று அன்று மூச்சை அடக்கிக்கொண்டு வாசித்தேன்.

ஆக, என்னை நினைத்து அவளுக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறாய். போகட்டும். என் வாசிப்பை யாரோ ஒருத்தியுடையது என்று நினைத்துக் கேட்டாய் அல்லவா? எப்படி இருந்தது? எவ்வளவு போட்டாய்? நீ எதையோ மறைக்கிறாய் என்றே தோன்றுகிறது. மழுப்பாமல் எழுது.

அக்கா

மார்ச் 24

அக்கா,

எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன்.

மூன்றாவதாக வாசித்தவள் பிரமாதம். பக்கத்தில் மார்க் போட்டுக்கொண்டிருந்த ஓபோ குழல்காரர் எழுதுவதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். யாருடா இவ, அக்கா நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாளே என்று பயந்தேன். அதனால் இருப்பதிலேயே குறைந்த மார்க்கை அவளுக்குப் போட்டேன்.

குழுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறேன். என்னை மன்னிப்பாயா?

தம்பி

மார்ச் 28

டேய்,

குழுவிடம் கட்டாயம் சொல். வாலுவிடம் நான் சொல்லிவிட்டேன். முதலில் அழுதாள். அப்புறம், "போட்டியை மறுபடியும் வெக்கட்டும் டீச்சர், ஒரு கை பாத்துடலாம்" என்கிறாள். தைரியக்காரி.

மார்க்குக்காக எனக்குக் கோபமில்லை. முப்பது வருஷம் ஒரே மேடையில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாய். என் மூச்சு உனக்குத் தெரிகிறது, என் வாசிப்பு தெரியவில்லை. அதை நினைத்தால்தான் நெஞ்சு அறுபடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. டிரம்பெட் எடுத்து வராதே. எனக்கு எதிரில் உட்கார்ந்து, நான் வாசித்து முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காமல் கேள்.

உன் அக்கா