சாவி மாற்றிய தெரு

ஈப்போ,
திங்கட்கிழமை

அன்புள்ள தம்பி தனேஸ்வரனுக்கு,

அக்கா கலாதேவி எழுதுவது. ஜொகூரில் நீயும் விமலாவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், நீதான் போனை எடுப்பதில்லையே. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் விழவில்லை. இந்தக் கடிதத்தையாவது பிரித்துப் படி.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், திரும்பி வந்தால் அடிப்பிடித்திருக்கிறது. போன வாரம் ஒரு வீட்டு ஏஜென்ட் வந்து முத்தம்மா அக்கா இருக்கும் முனை வீட்டை டேப் பிடித்து அளந்தான். யார் அனுப்பியது என்று கேட்டேன். கிராண்டில் பெயர் உள்ளவர் என்றான். அந்தப் பத்திரத்தில் இருப்பது உன் பெயர்.

உனக்கு அப்போது பத்து வயது, மறந்திருக்கலாம். தோட்டத்தை மூடி இந்தத் தாமான் குடியிருப்பில் வீடு கொடுத்தபோது சீட்டுக் குலுக்கினார்கள். அப்பாவுக்கு ஒன்றாம் நம்பர் முனை வீடு, முத்தம்மா அக்கா வீட்டுக்காரர் சன்னாசி அண்ணனுக்குப் பதினேழு. அன்று சாயங்காலமே தெரு முழுக்கச் சாவியை மாற்றிக்கொண்டார்கள், அப்பாவும் சன்னாசி அண்ணனும்கூட. மேட்டு லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் மேலே, ஆற்று லயத்து ஆட்கள் கீழே. தோட்டத்தில் யாருக்கு யார் பக்கத்து வீடோ அப்படியே இங்கேயும். நில ஆபீசில் ஒருத்தரும் சொல்லவில்லை. நமக்குள்தானே என்று விட்டுவிட்டார்கள். ஜாலான் மெலோர் என்று தெருப் பெயர் போர்டு நட்டும் முனை இன்னும் மேட்டு லயம்தான். உன் பெயரில் வரும் வரிக் கடிதம் முத்தம்மா அக்கா வாசலில் விழும், அவர்தான் கொண்டுவந்து கொடுப்பார்.

இப்போது சிம்பாங் பூலாய்க்குப் புது ரோடு வருகிறது, முனை வீட்டுக்கு மவுசு ஏறிவிட்டது. சன்னாசி அண்ணன் தவறிய பிறகு முத்தம்மா அக்கா அங்கே தனியாக இருக்கிறார். அப்பா தவறியதும் பத்திரத்தில் முனை வீடு உன் பெயருக்கு வந்தது. நான் இருக்கும் பதினேழாம் நம்பர் வீடு முத்தம்மா அக்கா பெயரில். இரண்டு பேரும் வக்கீலிடம் கையெழுத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று மூன்று மாதமாக உன்னைக் கூப்பிடுகிறேன்.

உன் மேல் கோபமாக இருக்கிறது, தம்பி. பயமாகவும் இருக்கிறது. நீ விற்க மாட்டாய் என்று முத்தம்மா அக்காவிடம் அடித்துச் சொன்னேன். அவரோ வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வக்கீலிடம் போய், நான் இருக்கும் வீட்டை என் பெயருக்கு எழுதிக் கைநாட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அழுதேன். தம்பி வரட்டும், வராம போகட்டும், என்னால நீ தெருவுல நிக்கக்கூடாதுலா என்றார்.

இப்போது எனக்கு வீடு இருக்கிறது, அவருக்கு இல்லை. அவரிடம் இருப்பது நான் சொன்ன சொல் மட்டும்.

அடுத்த வாரம் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வக்கீல் ஆபீசில் காத்திருப்பேன். வந்துவிடு. யாரும் காலி பண்ணச் சொல்லாத வீட்டில் உன் பிள்ளைகள் வளர வேண்டும்.

உன் அக்கா,
கலாதேவி