நான் தள்ளி வைத்த பஸ் ஸ்டாப்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா?

ஜெயித்துவிட்டேன் அம்மா! இரண்டு முறை என் கட்டுரையைத் திருப்பி அனுப்பிய ஆய்விதழே இப்போது அதை வெளியிட்டுவிட்டது. சிக்னலுக்கு முன்னால் பஸ் நின்றால், அதன் முன்புறமாகச் சாலையைக் கடப்பவர்கள் பின்னால் வரும் வண்டிக்காரர் கண்ணில் படுவதில்லை. ஸ்டாப்பைச் சிக்னலுக்கு அப்பால் வைத்தால் விபத்து குறையும். வெயிலிலும் மழையிலும் நின்று நான் எடுத்த கணக்கை இந்த முறை யாராலும் அசைக்க முடியவில்லை. அதைப் படித்த நகராட்சி, முதலில் மாற்றியது என் வீட்டருகே இருந்த ஸ்டாப்பைத்தான்!

நேற்று என்னோடு இறங்கிய பக்கத்து வீட்டு அக்கா, "எந்தப் புண்ணியவான் இதை இவ்ளோ தூரம் தள்ளி வச்சான்? கால் கடுக்குது!" என்று பொரிந்து தள்ளினார்.

"அதானே அக்கா!" என்று நானும் சேர்ந்துகொண்டேன். பயப்படாதே, குட்டு வெளிப்படவில்லை.

நடை கூடி என் செருப்பு தேய்ந்துவிட்டது. நீயே பார்த்து ஒரு ஜோடி அனுப்பு. இங்கே கடையில் போட்டுப் பார்த்தால், நன்றாக இருக்கிறதா என்று கேட்க ஆள் இல்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஸ்டாப்பை மாற்றியதிலிருந்து அங்கே ஒருவர் மீதும் வண்டி மோதவில்லை அம்மா. என்னைத் திட்டிக்கொண்டே எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருகிறார்கள்.

உன் மகள்