வாய் படாமல் குடித்த ஸ்காட்ச்

3-9-1967, ஞாயிறு

காலையில் மாட்டுங்கா மார்க்கெட்டில் நல்ல சேனை கிடைத்தது. அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்தான். என் பெண் ஷ்யாமளாவைப் பெண் பார்க்க நாணு வந்தான். பாலக்காட்டுக் குடும்பம், அம்மா முலுண்டில் இருக்கிறாள். பையன் ஸ்காட்லாந்தில் ஏதோ ஆலையில் பாய்லர் எஞ்சினியர் என்று சொல்லியிருந்தார்கள். ரெண்டு பேருக்கும் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது. எனக்கும்தான், பொய் எதற்கு? காபியை வாய் படாமல் தூக்கிக் குடித்தான். ஆறு வருஷம் சீமையில் இருந்தும் எச்சில் பண்ணாத பிள்ளை என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அப்புறம் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தான். விஸ்கி! அவன் ஆலை சாராய ஆலையாம். ஐம்பது வருஷம் பூட்டிக் கிடந்ததை மறுபடி திறந்தார்களாம். பாய்லரைப் பொருத்தி உயிர் கொடுத்தவன் இவனாம். திறந்த பிறகு காய்ச்சிய முதல் சரக்கு, வேறு எந்த ஆலைச் சரக்கும் கலக்காத சிங்கிள் மால்ட் என்று பெருமை வேறு.

"மறைச்சு வெச்சுக் கல்யாணம் பண்ணிக்கப்படாதுன்னு தோணித்து, மாமா."

எழுந்து உள்ளே போய், குடிக்கிறவனுக்குப் பெண் தரமாட்டேன் என்று ஆத்துக்காரி அபயாம்பாளிடம் சொல்லிவிட்டேன். அவன் போய்விட்டான். பாட்டில் போகவில்லை.

4-9-1967

மதுவிலக்கு ஊரில், பெர்மிட் இல்லாத வீட்டில் ஸ்காட்ச் பாட்டில். கொட்டலாம் என்றால் கட்டடம் முழுக்க வாசனை வரும். அபயாம்பாள் அதை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருக்கிறாள். வாசலில் எவன் மணி அடித்தாலும் எனக்குப் போலீஸாகத் தெரிகிறது.

6-9-1967

ஷ்யாமளா என்னோடு பேசவில்லை. தட்டு மட்டும் வருகிறது.

8-9-1967

சாராயம் சாராயம் என்று கத்துகிறேனே, சாராயமா விஷயம்? அவன் தாதரில் இதே பாய்லரை ஓட்டினால் இப்படிக் குதிப்பேனா? இருக்கறது ஒரே பொண்ணு. கப்பல்ல ஏத்தி அனுப்பிச்சுட்டு நான் இங்கே என்ன பண்ணப்போறேன்? அந்த ஊர் எங்கே இருக்கோ, எப்படி இருக்கோ. கண்ணை மூடிண்டு பார்த்தா ஒண்ணுமே தெரியலையே. இதை யாரிடம் சொல்ல?

10-9-1967, ஞாயிறு

மானம் போயிற்று.

அம்மாவும் பெண்ணும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அப்படி என்னதான் இருக்கிறது என்று டின்னிலிருந்து பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திறந்தேன். ஆவணி அவிட்டத்து ஹோமப் புகை! சமித்தும் நெய்யும் எரிகிற அதே வாசனை. அசந்துபோனேன். சாராயம் நாறும் என்றல்லவா நினைத்திருந்தேன்.

வெள்ளி டம்ளரில் கொஞ்சம் விட்டேன். குடிப்பது தப்புதான், அதற்காக எச்சில் பண்ணுவானேன்? வழக்கம்போல் அண்ணாந்து தொண்டைக்குள் ஊற்றிக்கொண்டேன்.

ருசி என்று ஒன்று இருந்திருந்தால் அது எனக்குத் தெரியாது. நெருப்புத்தான் இறங்கியது. இருமல், விக்கல், கண்ணில் தாரை தாரையாக ஜலம். நிமிர்ந்தால் நிலைப்படியில் பிரசாதத்தோடு அபயாம்பாள், அவள் பின்னால் ஷ்யாமளா.

"ஏன்னா, குடிக்கறவனுக்குப் பொண்ணு தரமாட்டேன்னு சொன்னது நீங்கதானே?"

விக்கிக்கொண்டே ஜலச் சொம்பைத் தேடினேன்.

11-9-1967

நாணுவை அபயாம்பாளே வரச் சொல்லிவிட்டாள். நடந்ததைக் கேட்டு, சிரிப்பை அடக்கத் தெரியாமல் திணறினான். "இதை எச்சில் பண்ணித்தான் குடிக்கணும், மாமா" என்றான். முதலில் மோந்து பார்க்க வேண்டுமாம், ரெண்டு சொட்டு ஜலம் விட வேண்டுமாம், உதட்டை நனைத்து நாக்கில் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள வேண்டுமாம். நீ குடித்துக் காட்டு என்றேன். அவன் தொட்டதே இல்லையாம். பாய்லர் பக்கத்தில் நிற்பவன் குடித்தால் ஆலையே போய்விடும் என்கிறான்.

ஆக, இந்தச் சம்பந்தத்தில் குடித்தவன் நான் ஒருத்தன்தான்!

ஐம்பத்தாறு வயசில் முதல் தடவையாக டம்ளரில் உதட்டை வைத்தேன். முதலில் புகை. பின்னால் தேன் மாதிரி ஒன்று. கடைசியில், சொன்னால் நம்பமாட்டார்கள், லேசாக உப்பு. அங்கே சமுத்திரம் பக்கத்தில்தான், தன் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும் என்றான். சதுப்பில் வெட்டி எடுத்த கரிமண்ணை எரித்து, அந்தப் புகையில்தான் பார்லியை உலர்த்துவார்களாம்.

"ஊர் பூரா இந்த வாசனைதான், மாமா. துணியெல்லாம் இதே மணக்கும்."

டம்ளரை மறுபடி மோந்து பார்த்தேன். வெகு நேரம் பார்த்தேன்.

அபயாம்பாள் விடவில்லை. "குடிக்கறவா ஆத்துல பொண்ணு எடுக்க நாணுவோட அம்மா சம்மதிக்கணுமே, கேட்டேளா?" என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு ஷ்யாமளா சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு மேல் என்னால் முடியவில்லை. அம்மாவை நாளைக்கே அழைத்துக்கொண்டு வா என்று சொல்லிவிட்டேன்.

12-9-1967

சம்பந்தியம்மாள் சம்மதித்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள். ஐப்பசியில் முகூர்த்தம்.

14-1-1968, பொங்கல்

சர்க்கரைப் பொங்கலில் அபயாம்பாள் நெய்யைக் கொட்டியிருந்தாள். ரெண்டு பேருக்கு அவ்வளவு எதற்கு? டாக்டர் தயவில் என் பெயரில் பெர்மிட் வந்துவிட்டது. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு பாட்டிலில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் உட்கார்ந்து மூடியை மட்டும் திறந்தேன். இங்கே மத்தியானம், அங்கே இப்போதுதான் விடிந்திருக்கும். கொண்டுபோன பில்டரில் ஷ்யாமளா காபிக்கு டிகாக்ஷன் இறக்கிக்கொண்டிருப்பாள். ஜன்னலுக்கு வெளியே சமுத்திரம். புடவையில் இந்தப் புகை. கண்ணை மூடினால் எல்லாம் தெரிகிறது.

அபயாம்பாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்க கொடுங்கோ, நானும் மோந்து பாக்கறேன்."

கொடுத்தேன். இன்னும் திருப்பித் தரவில்லை.