ஆறு மணி நேரத்தில் பாதி

செப்டம்பர் 3

அக்கா,

"உங்கள் அக்கா ஏன் அறுவைக்கு வரவில்லை?" என்று எங்கள் ஆஸ்பத்திரி அறுவை மருத்துவர் நேற்று என்னைக் கேட்டார். நீ போனை எடுப்பதில்லை, ஆகவே எழுதுகிறேன்.

உனக்காக நேற்றுக் காலையில் நான் கலந்து வைத்த கதிர்வீச்சு மருந்தின் வீரியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். உன் கல்யாணத்துக்கே ஒரு மணி நேரம் தாமதமாக வந்தவள் நீ. அது மருந்துக்குத் தெரியுமா? மாலையில் கழிவில் சேர்த்தேன்.

உன் மார்பில் இருப்பது புற்றுக்கட்டி என்று தெரிந்து மூன்று வாரம் ஆகிறது. காரணத்தையாவது சொல்.

தங்கை

செப்டம்பர் 6

தங்கச்சிக்கு,

கோச்சுக்காதே. அளவுச் சீட்டுக்குப் பின்னால எழுதுறேன், தையல் கடையில வேற காகிதம் இல்லை.

லேட்டெல்லாம் ஆகலை. பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து திரும்பிட்டேன். அம்மாவுக்கு இதே நோய் வந்தப்போ அக்குள்ல இருந்த முடிச்சையெல்லாம் வழிச்சு எடுத்தாங்களே, அப்புறம் அந்தக் கை என்ன ஆச்சு? தலையணை மாதிரி வீங்கி, ஜாக்கெட்டுக்குள்ள நுழையவே இல்லை. கடைசிவரைக்கும் நான்தான் பிரிச்சுப் பிரிச்சு அகலமாக்கித் தைச்சேன். எனக்கும் அப்படி ஆனா கத்தரியை யார் பிடிப்பா? நீயா? உனக்கு ஊசியில நூல் கோக்கவே வராது.

சாப்பிட்டியா?

அக்கா

செப்டம்பர் 8

அக்கா,

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன? நீ முடிச்சு என்பது நிணநீர்க் கணு. நோய் எந்தக் கணுவை முதலில் எட்டும் என்று அம்மாவுக்கு யாரும் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். இப்போது கட்டிக்குப் பக்கத்தில் என் மருந்தை ஊசியில் போடுவார்கள். அது நிணநீர் வடியும் வழியிலேயே போய் முதல் கணுவில் தங்கும். அக்குளின் மேல் கதிர்வீச்சை உணரும் ஒரு கருவியை நகர்த்தினால் அந்த இடத்தில் கூவும். அந்த ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். அதில் நோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொடமாட்டார்கள்.

இருந்தால்? மறுபடி பேசவேண்டியிருக்கும். கை வீங்கவே வீங்காது என்றும் சத்தியம் செய்யமாட்டேன்; வாய்ப்பு மிகக் குறைவு, அவ்வளவுதான்.

பதினொன்றாம் தேதி, காலை ஏழு மணி. ஏழு என்றால் ஏழு.

தங்கை

செப்டம்பர் 10

தங்கச்சிக்கு,

அப்போ உன் மருந்து நாங்க துணியில போடுற சாக்பீஸ் கோடு! அம்மாவுக்குக் கோடு போடாம வெட்டினாங்க, எனக்குக் கோடு போட்டுட்டு வெட்டுவாங்க. இந்த ஒரு வரியைச் சொல்ல உனக்கு இவ்வளவு பெரிய லெட்டர். என்னத்தைப் படிச்சியோ!

வர்றேன். நாளைக்குக் கடை லீவுன்னு எழுதி ஒட்டியாச்சு. இதை உங்க ஆஸ்பத்திரி வாசல்லயே குடுத்துட்டுப் போறேன். உள்ள வரலை, நாளைக்குத்தான் வரப்போறேனே.

அக்கா

செப்டம்பர் 12

அக்கா,

நேற்று பாதி நேரம் நீ மயக்கத்தில் இருந்தாய். நீயாக ஒரு கதை கட்டி ஊரெல்லாம் சொல்வதற்குள், நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நீ ஆறரைக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். ஏழே முக்காலுக்குத்தான் ஊசி போட்டார்கள். கட்டியையும், கருவி கூவிய இடத்தில் இரண்டு கணுக்களையும் எடுத்தார்கள். இரண்டிலும் நோய் இல்லை என்கிறது முதல் சோதனை. முழு முடிவு அடுத்த வாரம். அதுவரை நான் நம்பப்போவதில்லை. மற்ற கணுக்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

"என் தங்கச்சி ஏழுன்னா ஏழும்பா, ஏன் இன்னும் மருந்து வரலை?" என்று நர்ஸிடம் கேட்டாயாம். அவருக்குக் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொருவர் மருந்தையும் ஒரு முறைதான் அளக்கிறேன். நேற்று உன்னுடையதை ஐந்து முறை அளந்தேன்.

தங்கை