நம் வீட்டுச் சொதி

தேங்காய்ப்பால் மறுபடியும் திரைந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா நிற்கிறேன். வெந்தயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் சேர்ந்த வாசம் வீடு முழுக்க அசல் உன்னுடையதுதான். சட்டிக்குள் எட்டிப் பார்த்தால் மட்டும் தண்ணீர் தனி, பால் தனி, திட்டுத் திட்டாக மிதக்கிறது. யாரிடம் போய்ப் புலம்புவேன், உன்னிடம்தான் புலம்ப வேண்டும்.

நம் மகள் வந்திருக்கிறாள். வயிற்றில் பிள்ளை. நீ போன பிறகு இந்த வீட்டுக்கு வந்த நல்ல சேதி இது ஒன்றுதான். அதையும் சந்தோஷமாக அனுபவிக்க விடாமல் வாந்தி அவளைப் போட்டு வாட்டுகிறது. மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை, நினைத்தபோது வர முடியாது. அதனால் ஈப்போவுக்கு, நம் வீட்டுக்கே, கூட்டி வந்துவிட்டேன். சோறு தங்கவில்லை, ரொட்டி தங்கவில்லை, வெறும் தண்ணீர்கூடச் சில நேரம் தங்குவதில்லை. ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, டிரிப் ஏற்றி அனுப்பினார்கள். "சாப்பாடு உள்ள போகணும் அங்கிள். இப்படியே எடை குறைஞ்சா பிள்ளைக்கும் நல்லதில்ல" என்றாள் அந்த டாக்டர் பெண். ஏதோ எல்லாம் என் கையில் இருப்பதுபோலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வந்த அன்றே கேட்டேன். "என்னம்மா வேணும் சொல்லு, எங்க இருந்தாலும் அப்பா வாங்கியாரேன்."

"அம்மா வைக்கிற சொதி இருந்தா குடிச்சிருவேன் ப்பா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது போலும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கல்யாணமான புதிதில் லகாட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோமே, அங்கேதான் முதல்முதலாக எனக்குச் சொதி வைத்தாய். நீ தைப்பிங்கில் சர்க்கார் உத்தியோகக் குடும்பத்துப் பெண், யாழ்ப்பாணத்து வழி. நான் சிலிம் ரிவர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்களின் பிள்ளை. எங்கள் வீட்டில் புளியும் காய்ந்த மிளகாயும் இல்லாவிட்டால் அதற்குக் குழம்பு என்றே பெயர் கிடையாது. நீ நீட்டிய கிண்ணத்தைப் பார்த்து, "என்னா இது, மஞ்சத்தண்ணியா? இங்க என்ன திருவிழாவா நடக்குது?" என்று கேட்டேன். உனக்குக் கோபம் வரவில்லை. "குடிச்சுப் பாருங்கோ, பிறகு கதையுங்கோ" என்றாய். குடித்தேன். சப்பென்றுதான் இருந்தது. புதுப்பெண்டாட்டி முகத்துக்காக இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.

பிறகு எப்போது அது எனக்குப் பிடித்துப்போனது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. கேமரன் மலையிலிருந்து காய்கறி லாரியை இறக்கிக்கொண்டு வருவேன், முதுகு கழன்று போயிருக்கும். சட்டையைக் கழற்றுவதற்குள் தட்டு வந்துவிடும். குழைந்த சோறு, மேலே சொதி, ஓரத்தில் பொரித்த நெத்திலி. பேச்சே இல்லாமல் சாப்பிடுவேன். மகளுக்குக் காய்ச்சல் என்றாலும் அதுதான், பரீட்சை என்றாலும் அதுதான், யாரோ ஒருவனை நினைத்து அவள் அழுதுகொண்டு கிடந்த வாரம் முழுக்கவும் அதுதான். "இதுல என்னாதான் போடுற நீ?" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "இருந்ததைப் போட்டனான்" என்பாய். அதோடு சரி.

முதல் நாள் நான் வைத்த சொதியில், கேட்டால் சிரிப்பாய், புளியைக் கரைத்து ஊற்றிவிட்டேன். தோட்டத்துக் கை வேறென்ன செய்யும்? கீழே கொட்டினேன். அடுத்த நாள் எலுமிச்சம்பழம்தான் என்று ஞாபகம் வந்து, தளதளவென்று கொதிக்கும்போதே பிழிந்தேன். பால் முறிந்துபோயிற்று. அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுப் பிழிய வேண்டும் என்பது பிறகுதான் புத்தியில் ஏறியது. ஆயுசு முழுக்கக் காய்கறி ஏற்றி இறக்கியவனுக்கு ஒரு சட்டிச் சொதி வைக்கத் துப்பில்லை, பார்த்துக்கொள்.

ஒருவழியாகத் திரையாமல் ஒன்று வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஓகே லா ப்பா, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிச் சொல்லிக் குடித்தாள். கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். குழாய்த் தண்ணீரில் அமுங்குகிற சத்தமா அது? நான் ஹாலுக்குப் போய் டிவியைச் சத்தமாக வைத்தேன். அப்பாவுக்குக் கேட்கவில்லை என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும்.

வேறு வழி தெரியாமல் தைப்பிங்கிலிருக்கும் உன் அக்காவுக்குப் போன் அடித்தேன். நம் கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு அளந்து அளந்து பேசுகிறவர், அன்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொட்டுகிற மழையில் காரை எடுத்துக்கொண்டு, துணியில் சுற்றிய தூக்குச்சட்டியோடு வந்து இறங்கினார். சொதி எப்படி இருந்தது தெரியுமா, பட்டு மாதிரி. இதோ முடிந்தது நம் கஷ்டம் என்று நினைத்தேன்.

மகள் இரண்டு வாய் குடித்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "ரொம்ப நல்லா இருக்கு பெரியம்மா. ஆனா இது அம்மாவோடது இல்ல."

உன் அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியும் பிள்ளை. அவள் வைக்கிறது எங்கட வீட்டுச் சொதி இல்லை."

பிறகு என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சொன்னார். எப்போதோ ஒருமுறை நம் வீட்டுக்கு வந்திருந்தபோது உன் சொதியைக் குடித்துவிட்டு, "இதென்னடி, சொதியோ ரசமோ?" என்று கேலி செய்தாராம். நீ சிரித்தாயாம். "அந்த மனுசனுக்கு எங்கட சொதி சப்பெண்டு இருக்கும் அக்கா. வாய் திறந்து சொல்லமாட்டார், ஆனால் முகம் சொல்லிப்போடும். கொஞ்சம் கொஞ்சமா மாத்திப்போட்டன். இப்ப இது எங்கள் ரெண்டு பேற்ற சொதி" என்றாயாம்.

"அவ என்ன மாத்தினா அக்கா?"

"நான் கேக்கேல்லையே. நீங்கள்தானே தினம் சாப்பிட்டனீங்கள், உங்களுக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நாங்கள் இருவரும் நின்று போட்டுப் பார்த்தோம். மிளகு தட்டிப் போட்டோம், காய்ந்த இறாலைப் பொடித்துப் போட்டோம், பூண்டை வதக்கிப் போட்டோம். ஒவ்வொரு தடவையும் அக்கா என் வாயைப் பார்ப்பார், நான் உதட்டைப் பிதுக்குவேன். உன் சொதி என் நாக்கில் அப்படியே இருக்கிறது, இது இல்லை என்று மட்டும் சொல்கிறது, எது என்று சொல்ல மாட்டேன் என்கிறது. கடைசியில் உன் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போய்ச் சேர்ந்தவள் இதையும் கொண்டு போயிட்டாள்" என்றார். உன் தைப்பிங் வீட்டிலும் இல்லை, எங்கள் தோட்டத்து வீட்டிலும் இல்லை. உலகத்தில் வேறு எந்த அடுப்பிலும் அது இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னையும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போனேன், ரெண்டு நாளில் வந்துவிடுவாய் என்றுதான் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். திங்கட்கிழமை இவளை மறுபடி எடை பார்க்கக் கூட்டிப் போக வேண்டும். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பிள்ளைத்தாய்ச்சி மாதிரியா இருக்கிறாள்? நான் என்ன செய்யட்டும், சொல். லாரி ரிப்பேர் என்றால் கீழே படுத்துப் பார்ப்பேன். இதற்கு எங்கே படுத்துப் பார்ப்பது?

இன்று மத்தியானமும் சட்டியைக் கவிழ்த்துவிட்டு அவள் அறைக்குப் போனேன். வெறும் கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டு எடுத்துப் போயிருந்தேன். ரெண்டு மடக்கு குடித்தாள், உடனே கட்டிலடியில் இருந்த பேசினை இழுத்தாள். நான் பிடித்துக்கொண்டேன். முடி முகத்தில் விழாமல் ஒதுக்கி, நெற்றியைக் கையில் தாங்கிக்கொண்டேன். என் கை முழுக்க வெங்காய வாசம், தேங்காய்ப்பால் வாசம். எல்லாம் வெளியே வந்து ஓய்ந்த பிறகும் அவள் நிமிரவில்லை. கண்ணை மூடியபடி நெற்றியை என் உள்ளங்கையில் இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டு, "அம்மா" என்றாள்.

நான் "ம்" என்றேன்.